கிராசிங் போன பிறகு: வடாற்காட்டின் ஒரு மீட்டர் கேஜ் ஸ்டேஷன்

இந்தக் கட்டுரையில் வரும் ரயில் நிலையத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்பது வரை சொல்லலாம். அதற்கு மேல் சொல்லாததற்குக் காரணம், அந்தக் கட்டடத்தின் பழைய டிக்கெட் அறையில் ஒரு விவசாயி மல்லாட்டைக் கொடியைக் கூரை முட்ட அடுக்கி வைத்திருக்கிறார். இரண்டு மாடுகளுக்குக் கோடை முழுக்க அதுதான் தீவனம். நான் எழுதியதை யாராவது படித்துவிட்டு அவருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். (வெளி மாவட்டத்துக்காரர்களுக்கு: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மணிலாக்கொட்டை என்ற பெயர் ஆற்காட்டு வாய்களில் தேய்ந்து இப்படி ஆகிவிட்டது.)

கட்டடம் சிறியது. முன்னால் தாழ்வாரம், நடுவே ஸ்டேஷன் மாஸ்டர் அறை, ஒரு பக்கம் டிக்கெட் அறை, மறு பக்கம் சரக்கு வைத்துப் பூட்டும் அறை. சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய கனத்த செங்கல் சுவர்கள் இன்னும் அசையவில்லை. கூரை மெட்ராஸ் டெரஸ். மர உத்திரங்களின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு இட்டு இடித்த தளம். ஒரு மூலையில் உத்திரம் உளுத்து வானம் தெரிகிறது. நடைமேடை என்று தனியாகச் சொல்ல எதுவும் இல்லை. தண்டவாள மட்டத்துக்கு மண்ணை நிரவி ஓரத்தில் கருங்கல் பதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கிழவிகளை மேலேயிருந்து இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துத்தான் வண்டியில் ஏற்றுவார்கள். வேலிக் கால்கள் எல்லாம் அறுத்த பழைய தண்டவாளத் துண்டுகள். இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள், ஒரு வேம்பு, ஒரு கிணறு. கட்டடத்தை ஒட்டி இன்றைய அகலப் பாதை, கான்கிரீட் சிலிப்பர்களின் மேல், மின்கம்பிகளுக்குக் கீழே ஓடுகிறது. வண்டி வருகிறது. நிற்பதில்லை.

ஏன் நிற்பதில்லை என்று ஊரில் கேட்டால் மூன்று விதமான பதில்கள் கிடைக்கின்றன. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் பஸ் வந்ததால் ரயில் செத்தது என்கிறார்கள். கொஞ்சம் இளையவர்கள் அகலப் பாதை போட்டபோது எடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். மூன்றாவது பதில் எல்லா ஊரிலும் எல்லாவற்றுக்கும் கிடைப்பது: எங்கள் ஊருக்காகப் பேச ஆள் இல்லை. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றுமே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டுதான் தொடங்குகின்றன. அந்த ஸ்டேஷன் ஊருக்காகக் கட்டப்பட்டது என்பதுதான் அது. அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

பாதையின் பிறப்பு

வடாற்காட்டுக்கு (இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள்) ரயில் மிகச் சீக்கிரமே வந்துவிட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் நம் மாவட்டம்தான். சுமார் 100 கிலோமீட்டர். கடைசி நிலையத்துக்கு ஆற்காடு என்று பெயர் வைத்தார்கள். ஆனால் ஆற்காடு பாலாற்றுக்குத் தென்கரையில் இருந்தது, ரயில் வடக்கே சில மைல் தள்ளி நின்றது. இன்று அதற்கு வாலாஜா ரோடு என்று பெயர். வாலாஜாவும் அங்கே இல்லை. அந்த 'ரோடு' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அது மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் அகலப் பாதை, 1676 மில்லிமீட்டர். நம் ஸ்டேஷன் இருக்கும் விழுப்புரம்–காட்பாடிப் பாதை வேறு கம்பெனி, வேறு அளவு. 1870-இல் வைஸ்ராய் மேயோ பிரபு செலவைக் குறைக்க 1000 மில்லிமீட்டர் பாதையை, அதாவது மீட்டர் கேஜை, தேர்ந்தெடுத்தார். இந்தியா சீக்கிரமே மெட்ரிக் அளவுக்கு மாறிவிடும் என்று அப்போது நம்பினார்கள். நாடு மாற இன்னும் எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று, தண்டவாளம் மட்டும் முன்கூட்டியே மாறிக்கொண்டது. பிறகு தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். ஓரிடத்தில் தானியம் இருந்தும் இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை என்பது 1880-இல் பஞ்சக் கமிஷன் எடுத்துக்காட்டிய குறைகளில் ஒன்று. வறண்ட உள்நாட்டுத் தாலுகாக்களுக்குள் ரயிலைக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. சவுத் இந்தியன் ரயில்வேயின் விழுப்புரம்–காட்பாடி–பாகாலா–தர்மாவரம் பாதை 1891 வாக்கில் திறக்கப்பட்டதை அந்த அலையோடு சேர்த்துத்தான் நான் படிக்கிறேன்.

விழுப்புரத்திலிருந்து காட்பாடி வரை ஏறத்தாழ 160 கிலோமீட்டர். வழியில் திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர், ஆரணி ரோடு, கண்ணமங்கலம், கணியம்பாடி, வேலூர் கண்டோன்மென்ட், வேலூர் டவுன், பிறகு பாலாற்றுப் பாலம், காட்பாடி. மேற்கே ஜவ்வாது மலை கூடவே நடந்து வரும். காட்பாடியில் இரண்டு அளவுகளும் சந்தித்தன. தெற்கேயிருந்து வந்த மூட்டையைச் சின்ன வேகனிலிருந்து இறக்கிப் பெரிய வேகனில் ஏற்ற வேண்டும். பயணிகள் தலைச்சுமையோடு மாற வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேல் காட்பாடிக் கூலிகளின் முதுகில்தான் இரண்டு ரயில்வேக்களும் இணைந்திருந்தன.

ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே

நம் ஸ்டேஷன் ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவே ஏரிக்கரை, ஆயக்கட்டு நிலம், மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறாகும் ஒரு வண்டிப்பாதை. ஏன் இவ்வளவு தூரம் என்று முதல் தடவை போனபோதே தோன்றியது. நிலம் கொடுக்காத பெரிய மனிதர் ஒருவரைப் பற்றி ஊரில் ஒரு கதை இருக்கிறது. எல்லா ஊரிலும் இருக்கும் கதைதான் அது. எனக்கு அதைவிட எளிய காரணம் தெரிகிறது. நிறுத்திய வண்டி தானாக உருண்டு ஓடாமலிருக்க ஸ்டேஷன் இருக்கும் இடம் கிட்டத்தட்ட சமதளமாக இருக்க வேண்டும். நானூறு அடிக்கு ஓர் அடி சாய்வுக்கு மேல் கூடாது என்பது நம் ரயில்வேயின் பொது விதி. ஏரியின் கீழ்ப்பக்கம் ஈரநிலம். அங்கே கரை போட்டால் வெள்ளத்தில் போய்விடும். மேட்டுப் பக்கம் பாறை. இரண்டுக்கும் நடுவே நீளமாகச் சமதளம் கிடைத்த இடத்தில் ஸ்டேஷனை வைத்தார்கள். ஊர் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

இது ஒரு ஸ்டேஷனின் கதை மட்டும் அல்ல. இந்த வட்டாரத்து ரயில்வே பெயர்ப்பலகைகளில் அடிக்கடி வரும் 'ரோடு' என்ற சொல் அதற்கு ஒப்புதல் வாக்குமூலம். ஆரணிக்குப் போக வேண்டியவர் ஆரணி ரோட்டில் இறங்கினால், அவர் நிற்பது களம்பூரில். அரிசிக்கும் பட்டுக்கும் பெயர் போன ஆரணி அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் வடகிழக்கே இருக்கிறது. ஊருக்குப் போகும் சாலை இங்கே பிரிகிறது, மீதியை நீயே பார்த்துக்கொள் என்பதுதான் 'ரோடு' என்பதன் பொருள்.

கிராசிங்

வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அதற்குப் பாதையைத் திருப்பிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். இந்தப் பாதையின் பல ஸ்டேஷன்களில் வேலை பார்த்தவர், இங்கேயும் சில ஆண்டுகள். அவரைப் பார்க்கப் போனபோது நான் கேட்ட முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறுவார்கள் என்பது.

"எத்தனை பேர் ஏறினால் நமக்கு என்ன, தம்பி? டிக்கெட் கிழிக்க நாங்கள் அங்கே இல்லை. கிராசிங் போடத்தான் இருந்தோம்" என்றார்.

இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த மிக முக்கியமான வாக்கியம் இதுதான். அதன் பிறகு நான் கேட்ட கேள்விகள் எல்லாம் மாறிவிட்டன.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் ஏதாவது ஒன்று ஒதுங்க வேண்டும். அதுதான் கிராசிங். ஒதுங்குவதற்கு இரண்டாவது தண்டவாளம், அதாவது லூப் லைன், வேண்டும். லூப் இருந்தால் அதைத் திருப்பிவிட ஆள் வேண்டும். ஆள் இருந்தால் கட்டடம் வேண்டும், குடியிருப்பு வேண்டும், கிணறு வேண்டும். கட்டடம் இருக்கிறதே, அதில் ஒரு ஜன்னலைத் திறந்து டிக்கெட்டும் கொடுக்கலாம். ஊர்க்காரர்கள் ஜன்னலிலிருந்து தொடங்கிப் பார்க்கிறார்கள். ரயில்வே லூப்பிலிருந்து தொடங்கியது.

பெரியவர் வேலையை விவரித்த விதம் அழகாக இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் சிவப்புப் பெயின்ட் அடித்த இரண்டு இரும்புப் பெட்டிகள் இருக்கும், ஒன்று வடக்கே அடுத்த ஸ்டேஷனுக்கு, ஒன்று தெற்கே. நீல் என்பவரின் பெயரால் அழைக்கப்பட்ட டோக்கன் கருவி அது. உள்ளே இரும்புப் பந்துகள். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பந்தை எடுக்க வேண்டுமானால் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்து ஒப்புக்கொண்டு தன் கருவியை இயக்க வேண்டும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது எந்தப் பக்கத்துப் பெட்டிக்குள்ளாவது திரும்பப் போகும் வரை இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். பந்து கையில் இருக்கும் டிரைவருக்கு மட்டுமே அந்தத் துண்டுப் பாதை சொந்தம். மின்சாரம் என்று சொன்னால் ஒரு கம்பியும் சில பேட்டரிகளும்தான். அதைக்கொண்டு நேருக்கு நேர் மோதலை நடக்கவிடாமல் செய்துவிட்டார்கள். கணினி இல்லாத காலத்து அறிவு என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

பந்தை ஒரு தோல் பைக்குள் போட்டு, பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் கட்டுவார்கள். நிற்காமல் போகும் வண்டி என்றால் பாயிண்ட்ஸ்மேன் வளையத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தை ஒட்டி நிற்க வேண்டும். எஞ்சினில் இருப்பவர் படியில் தொங்கியபடி முழங்கையை வளையத்துக்குள் விட்டுத் தூக்கிக்கொள்வார். அதே நொடியில் முந்தைய ஸ்டேஷனின் வளையத்தைக் கீழே எறிவார். இரவில், மழையில், எறிந்த வளையம் புதருக்குள் போய்விட்டால் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு தேட வேண்டும். அது கிடைக்கும் வரை அடுத்த வண்டிக்குப் பந்து இல்லை. ஒருமுறை பாம்பின் பக்கத்தில் கிடந்ததாம். "பாம்பு போகும் வரை ரயில் லேட்" என்று சிரித்தார். தன் வலது கை மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார், வளையம் உரசிய பழைய தழும்பு.

கைகாட்டி மரங்களுக்கு மாலையில் விளக்கேற்றுவதும் அவர்களுடைய வேலை. கை நேராக நீட்டியிருந்தால் நில், சாய்ந்திருந்தால் வா. இரவில் அந்தக் கையோடு சேர்ந்த கண்ணாடி மண்ணெண்ணெய் விளக்குக்கு முன்னால் வந்து சிவப்போ பச்சையோ காட்டும். ஒவ்வொரு மரத்திலும் ஏறி எண்ணெய் ஊற்றித் திரி தூண்ட வேண்டும். காற்று மாதங்களில் ஏறி இறங்கியதும் அணைந்துவிடும், மறுபடி ஏற வேண்டும்.

இந்தப் பாதையில் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் இருந்தது. இப்போது ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மீட்டர் கேஜ் பாசஞ்சர் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எட்டுக் கிலோமீட்டரைக் கடக்கப் பன்னிரண்டு நிமிடம். எதிர்வண்டிக்காகக் காத்திருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். பாதையை அகலமாக்கி வேகத்தை 80 ஆக்கிவிட்டால் அதே பன்னிரண்டு நிமிடத்தில் பதினாறு கிலோமீட்டர் கடக்கலாம். அதாவது நடுவில் இருக்கும் ஒரு ஸ்டேஷனை எடுத்துவிட்டாலும் யாரும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்றுவிட்டு ஒரு லூப் போதும். அகலப் பாதை ஸ்டேஷனைக் கொன்றது என்று இளையவர்கள் சொல்வது இந்த அளவில் சரி. ஆனால் தண்டவாளங்களுக்கு நடுவே கூடிய 676 மில்லிமீட்டர் செய்த வேலை இல்லை அது. வேகம் செய்த வேலை.

உதிர்ந்த வேலைகள்

கிராசிங் கடைசியாகப் போனது. அதற்கு முன்பே ஸ்டேஷன் ஒவ்வொரு வேலையாக இழந்துகொண்டு வந்தது.

முதலில் நேரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நாட்டில் ரயில்கள் மதராஸ் நேரத்தின்படிதான் ஓடின. அது இன்றைய இந்திய நேரத்தைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் பிந்தியது. கடிகாரம் இல்லாத ஊரில் ஸ்டேஷன் கடிகாரமே கடிகாரம். தந்திக் கம்பி வழியாகத் தினமும் மாலை நான்கு மணிக்கு நேரச் சமிக்ஞை வரும், எல்லா ஸ்டேஷன்களிலும் முள்ளைத் திருத்துவார்கள். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணிச்சத்தத்தை வைத்துத்தான் அந்தப் பக்கத்து வயல்களில் களை எடுப்பவர்கள் கரையேறுவார்கள் என்று கேள்விப்பட்டேன். டிரான்சிஸ்டர் வந்தபோது இந்த வேலை போயிற்று. யாரும் வருத்தப்படவில்லை.

அடுத்தது சரக்கு. இதுதான் பெரிய இழப்பு என்பது என் கருத்து. இரண்டு ஆற்காடு மாவட்டங்களிலும் மல்லாட்டை பணப்பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-லேயே ரயில் இருந்தது. வடாற்காட்டுத் தாலுகாக்கள் அந்த வலைக்குள் வந்ததற்கு இந்தப் பாதை ஒரு வாசல். எங்கள் ஸ்டேஷனில் சரக்கு அறைக்கு முன்னால் இருக்கும் மேடையின் கருங்கல் விளிம்பு, மூட்டைகள் இழுத்து இழுத்து வழவழப்பாகிவிட்டது. கைவைத்துப் பார்த்தேன், அம்மிக்கல் மாதிரி இருந்தது.

ஒரு சிறு ஊர் ஒரே நாளில் முழு ரயில் சரக்கை அனுப்ப முடியாது. ஒரு வேகன், அரை வேகன், சில சமயம் பத்து மூட்டை. அதை நின்று நின்று பொறுக்கிக்கொண்டு போகும் கூட்ஸ் வண்டிகள் இருந்த வரை ஸ்டேஷனுக்கு வருமானம் இருந்தது. 1980களில் ரயில்வே தன் கொள்கையை மாற்றியது. சில்லறைச் சரக்கையும் ஒற்றை வேகன்களையும் கைவிட்டு, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு முழு ரேக்காக, அதாவது ஒரு வண்டி நிறைய, ஏற்றுபவர்களை மட்டும் தேடிப் போனது. நிலக்கரிக்கும் சிமென்ட்டுக்கும் அது நல்லது. ரயில்வேயின் கணக்குப் புத்தகத்துக்கும் நல்லது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கையெழுத்தோடு நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான சரக்கு அறைகளுக்குப் பூட்டு விழுந்தது. பஸ் ஸ்டேஷனைக் கொன்றது என்பவர்கள் லாரியை மறந்துவிடுகிறார்கள்.

நிலக்கரி எஞ்சின்கள் போய் ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின்கள் வந்ததில் தண்ணீர் ஊற்றுவதும் சாம்பல் தட்டுவதும் இல்லாமல் போயின. அது பெரிய ஸ்டேஷன்களின் கதை. இங்கே அந்த வசதி இருந்ததில்லை.

பயணிகள்

அவர்கள் இல்லாமல் இல்லை. மீட்டர் கேஜ் காலத்தில் தெற்கேயிருந்து திருப்பதிக்குப் போகும் வண்டிகளுக்கு இதுதான் வழி. மொட்டைத் தலைகளும் லட்டு வாசனையுமாகத் திரும்பி வரும் பெட்டிகளைப் பற்றி இந்தப் பாதைக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். திருவண்ணாமலைத் தீபத்துக்கும் பௌர்ணமிக் கிரிவலத்துக்கும் கூட்டம். ஆடி வெள்ளிகளில் படவேட்டு ரேணுகாம்பாளைப் பார்க்கக் கண்ணமங்கலத்தில் இறங்கும் மஞ்சள் புடவைகள். ஆனால் இவையெல்லாம் பெரிய ஸ்டேஷன்களைத் தேடிப் போகும் கூட்டம். எங்கள் ஸ்டேஷனில் ஏறியவர்கள் பால்காரர்கள், கீரைக்காரிகள், வேலூர்ப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சீசன் டிக்கெட்டில் போன சில பிள்ளைகள், சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகும் நோயாளிகள்.

அட்டை டிக்கெட்டை இன்னும் சிலர் வைத்திருக்கிறார்கள். இரண்டேகால் அங்குல நீளம், தடித்த அட்டை, வண்டி வகுப்புக்கு ஒரு நிறம். எட்மண்ட்சன் என்ற இங்கிலாந்து ஸ்டேஷன் மாஸ்டர் 1830களின் இறுதியில் கண்டுபிடித்த முறை, இங்கே இருபதாம் நூற்றாண்டைத் தாண்டியும் ஓடியது. இரும்பு அச்சில் நுழைத்து 'டக்' என்று தேதி குத்தும் சத்தம் அந்தத் தலைமுறைக்குப் பயணத்தின் தொடக்கம். ஒரு வீட்டில் பார்த்த டிக்கெட், மூத்த மகனின் பிரசவத்துக்காக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போன நாளுடையது. மகனின் ஜாதகத்தோடு சேர்த்து மஞ்சள் துணியில் கட்டி வைத்திருந்தார்கள்.

பஸ் விஷயத்துக்கு வருவோம். ரயிலும் பஸ்ஸும் சண்டை போட்டுக்கொள்வது புதிதல்ல. 1930களிலேயே ரயில்வேயின் வருமானத்தைத் தனியார் பஸ்கள் தின்கின்றன என்று அரசு விசாரணைக் குழுக்கள் அமைத்தது. மிட்செல்–கிர்க்னெஸ் அறிக்கை 1933-இல் வந்தது. நம் மாவட்டத்தில் பெரிய மாற்றம் 1970களில். பஸ்கள் அரசுடைமையாகி, 1972 முதல் போக்குவரத்துக் கழகங்கள் உருவாகி, டவுன் பஸ் கிராமத்துக்குள் நுழைந்தது. அது பிள்ளையார் கோயில் வாசலில் நின்றது. ஒன்றரை கிலோமீட்டர் சேற்றில் நடக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், பஸ் ஆரணிக்குப் போனது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு வட்டிக்கடை, நெல் மண்டி, துணிக்கடை, சம்பந்தி வீடு எல்லாம் ஆரணிப் பக்கம். ரயிலோ வடக்கும் தெற்கும் மட்டுமே போகும். ஆகவே பஸ் ரயிலிடமிருந்து பயணிகளைப் பறித்தது என்பதைவிட, ரயில் ஒருபோதும் கொண்டுபோகாத திசைக்கு அவர்களைக் கொண்டுபோனது என்று சொல்வதே பொருந்தும். கட்டணம் ரயிலில்தான் குறைவு. இருந்தும் மக்கள் பஸ்ஸில் ஏறினார்கள்.

இருந்தாலும், பஸ் வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஸ்டேஷன் திறந்தே இருந்தது. பயணிகளை நம்பி அது வாழவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கிராசிங் இருந்த வரை விளக்கு எரிந்தது. மாற்றிச் சொன்னால், கிராசிங்கின் சம்பளத்தில் பயணிகள் ஓசியில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அகலப் பாதை

எல்லாப் பாதைகளையும் ஒரே அளவாக்கும் திட்டம் 1992-இல் தொடங்கியது. விழுப்புரம்–காட்பாடிக்கு முறை வரத் தாமதமாயிற்று. பணிக்காக வண்டிகளை நிறுத்தினார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், 2010-இல் அகலப் பாதை முழுமையாயிற்று. வண்டி இல்லாத அந்த ஆண்டுகளைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ரயிலுக்குப் போகும் பழக்கம் ஓர் ஊரில் ஒருமுறை அறுந்தால் மறுபடி ஒட்டுவது கடினம். பால்காரர் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார். பள்ளிப் பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள். வண்டி திரும்பி வந்தபோது அதை எதிர்பார்த்து நின்றவர்கள் குறைவு, நிற்பதற்கு இடமும் இல்லை.

இந்தக் காலத்து ஆவணங்களுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ரயில்வே ஊழியர்களுக்கான கால அட்டவணையை, அதாவது பழைய வொர்க்கிங் டைம்டேபிளைப் பார்க்க முடியுமா என்று கேட்டதற்கு மறுநாள் வரச் சொன்னார்கள். மூன்று மறுநாள்கள் போனேன். நான்காவது முறை, எடைக்குப் போட்டாயிற்று என்று ஒருவர் மிகுந்த அன்போடு சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்தார்.

இன்னொரு மரணம், ஒப்பிட

வடாற்காட்டில் இதைவிட முழுமையாகச் செத்த பாதை ஒன்று உண்டு. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் இரண்டரை அடி அகலத்தில் ஒரு குட்டி ரயில் விட்டார்கள், ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அதுவும் பஞ்ச நிவாரணம் என்ற பெயரில் பிறந்தது. திருப்பத்தூர் அப்போது சேலம் மாவட்டம். 1911-இல்தான் வடாற்காட்டுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் அந்தப் பாதையில் தண்டவாளமே இல்லாமல் போயிற்று. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர், ரயில் இல்லாத தலைநகர். அங்கே பாதையும் ஸ்டேஷன்களும் ஒன்றாகப் போயின. யாருக்கும் குழப்பம் இல்லை, கோரிக்கையும் நேரானது: ரயில் வேண்டும்.

எங்கள் ஊரின் துயரம் வேறு வகை. கண்ணெதிரே ரயில் போகிறது. முன்னைவிட வேகமாக, முன்னைவிட நீளமாக. சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வரை வந்துகொண்டிருந்த மெமு என்ற மின்சாரப் பாசஞ்சர் வண்டி 2024 மே மாதத்திலிருந்து திருவண்ணாமலை வரை ஓடுகிறது. காட்பாடியில் இறங்கி மாறாமல் நேரே சென்னைக்குப் போகலாம் என்பது மீட்டர் கேஜ் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத வசதி. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகம் கூடத் தெரிகிறது. ஏற முடியாது.

மனு

ஊர் இளைஞர்கள் சிலர் ஹால்ட் ஸ்டேஷன், அதாவது வண்டி நின்று பயணிகளை ஏற்றிப் போக மட்டும் ஒரு சிறு நிறுத்தம், கேட்டு ஒரு மனு தயாரித்திருக்கிறார்கள். என்னிடம் திருத்தக் கொடுத்தார்கள். நூற்றாண்டுப் பாரம்பரியம், ஆங்கிலேயர் காலக் கட்டடம், மக்களின் நீண்ட நாள் கனவு என்று இரண்டு பக்கம். பாரம்பரியத்தை அடித்துவிட்டேன், கோபித்துக்கொண்டார்கள். ரயில்வே அந்த ஸ்டேஷனைப் பாரம்பரியத்துக்காக வைத்திருக்கவில்லை, பாரம்பரியத்துக்காகத் திறக்கவும் போவதில்லை. இந்தப் பாதை இன்னும் ஒற்றைப் பாதை. வண்டிகள் கூடக் கூட கிராசிங்குக்கு இடம் பற்றாது. இப்போதே சில நாள்களில் அடுத்த ஸ்டேஷனில் வண்டியைப் பிடித்துப் போடுகிறார்கள். நடுவில் ஒரு லூப் வேண்டும் என்ற தேவை அவர்களுக்கே வரும்போது, அதற்குத் தேவையான சமதளமும் பழைய நிலமும் இங்கே இருக்கிறது என்று எழுதுங்கள் என்றேன். 1891-இல் பொறியாளர்கள் எதற்காக இந்த இடத்தைத் தேடிப் பிடித்தார்களோ அதையே காட்டிக் கேளுங்கள்.

இதிலும் ஒரு முள் இருக்கிறது. காட்பாடிக்கு வடக்கே திருப்பதி–பாகாலா–காட்பாடிப் பாதையை இரட்டைப் பாதையாக்க 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. அந்த வேலை தெற்கேயும் வந்தால் போகும் வண்டிக்கு ஒன்று, வரும் வண்டிக்கு ஒன்று. எதிர்வண்டிக்காக யாரும் எங்கும் ஒதுங்க வேண்டாம். அப்போது ஊர் தன் பயணிகளை மட்டுமே காட்டிக் கேட்க வேண்டியிருக்கும், முதல் முறையாக. எனவே அந்த மண்பாதையைத் தார்ச்சாலையாக்கும்படி பஞ்சாயத்துக்கு இன்னொரு மனுவையும் எழுதச் சொன்னேன். அதை எழுத யாருக்கும் ஆர்வம் இல்லை.

கடைசியாகப் போனபோது மாலை ஐந்து மணி இருக்கும். மல்லாட்டைக் கொடியை அடுக்கி வைத்திருக்கும் விவசாயி டிக்கெட் ஜன்னலின் அரைவட்ட ஓட்டை வழியாகக் கையை விட்டு மாட்டுக்கு ஒரு கத்தை உருவிக்கொண்டிருந்தார். மனுவைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருந்தார்.

"ஸ்டேஷன் நிஜமாகவே திரும்ப வந்துவிடுமா, சார்?"

இப்போதைக்கு இல்லை, வந்தாலும் பல ஆண்டுகள் ஆகும் என்றேன்.

"அப்படியானால் இந்த ஆடிக்கும் விதைக்கலாம்" என்றார்.